அரைப்பேர்

என் தலையில் காந்தம் வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சுற்றி வருவதற்குள் கரண்டாக மாறிவிட்டது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதுபடவே கேட்டது. "டீச்சருக்குத் தலையில கரண்டு குடுக்கப் போறாங்களாம்." என் கணவர் குடத்தோடு அங்கே போய், "கரண்டு இல்லக்கா, காந்தம்" என்று திருத்தினார். "அப்ப தலைக்குள்ள ஆணி கீணி இருந்தா ஒட்டிக்குமே" என்றாள் ஒருத்தி. அவர் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். சிரிக்க வேண்டாம். கண்டியில் டொக்டர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வியும் அதுதான், தலைக்குள் ஏதாவது உலோகம் இருக்கிறதா என்று.

நான் றொசல்லைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கணவருக்கு ஸ்டோரில் வேலை. எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றால் கடை இல்லை, தேயிலைக் கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலை. எனக்கு உத்தியோகம் கிடைத்த பிறகும் நாங்கள் லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

வியாதி எப்போது வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரிய துக்கம் ஒன்றும் நடக்கவில்லை. கேட்க வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதுவும் இல்லை. அழுகை வந்தாலாவது அழுதிருப்பேன். ஒன்றுமே வரவில்லை. சோறு வாய்க்குள் சும்மா கிடந்தது. வகுப்பில் பிள்ளைகள் பேசுவது அடுத்த வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்டது. காலையில் கண் விழித்ததும், ஏன் விழித்தோம் என்பதுதான் முதல் யோசனையாக இருந்தது. அந்த யோசனையைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பூசாரி திருநீறு போட்டார். ஹட்டனில் கிளினிக் டொக்டர் மாத்திரை தந்தார். ஒன்று என்னை ஊத வைத்தது, ஒன்று தூங்க வைத்தது, இன்னொன்றில் கை நடுங்கிக் கரும்பலகையில் நான் போட்ட நேர்கோடு பாம்பாக வளைந்தது. பிள்ளைகள் அதையும் அப்படியே கொப்பியில் வளைத்து எழுதினார்கள். மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வு என்று முடிவாகி, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே காந்தத்தால் மூளையைத் தட்டி எழுப்புகிறார்களாம். மயக்க மருந்து இல்லை, வெட்டுக்குத்து இல்லை, ஆனால் வாரநாட்களில் தவறாமல் வர வேண்டும் என்றார்கள். நான் பாடசாலையில் லீவு எடுத்தேன், கணவர் இராவேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரவெல்லாம் ஸ்டோரில் நிற்பார், காலையில் முகம் கழுவிக்கொண்டு என்னோடு பஸ் ஏறுவார். வட்டவளை தாண்டுமுன் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிடும். திரும்பி வரும்போதும் அப்படித்தான். அதை நான் சுமந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அது பாரமாகவும் இல்லை, சுகமாகவும் இல்லை.

டொக்டர் ஓர் இளம்பெண், யாழ்ப்பாணத்துக்காரி. முதல் நாள் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு ஒரு தொப்பி மாட்டி, எட்டு மாதிரி வளைந்த ஒரு கருவியைத் தலைமேல் அங்கும் இங்கும் நகர்த்தினார். டக், டக் என்று ஒரு சத்தம். அவர் என் தலையைப் பார்க்கவே இல்லை, மடியில் கிடந்த என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையைத் தளர்வா விடுங்கோ டீச்சர். உங்கட கட்டைவிரல்தான் எனக்கு அளவு சொல்லும்."

சொன்ன மாதிரியே ஒரு தட்டலுக்கு என் கட்டைவிரல் துள்ளியது. நான் துள்ளச் சொல்லவில்லை. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. டொக்டர் தட்டலின் பலத்தைக் குறைத்தும் கூட்டியும் விரல் துள்ளுகிற ஆகக்குறைந்த அளவைப் பிடித்தார். மண்டை ஓடும் மூளையும் ஆளுக்கு ஆள் வேறு, ஒருவருக்குச் சரியான பலம் இன்னொருவருக்குக் காணாது என்று விளக்கினார். "ஒரே அளவுச் செருப்பை எல்லாருக்கும் போட ஏலாதுதானே" என்றார். தட்ட வேண்டிய இடமும் அப்படித்தானாம். அதற்காக என் மூளையைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நெற்றிக்கு இடப்பக்கம், கொஞ்சம் மேலே, ஓர் இடத்தை அடையாளம் வைத்தார்.

"படமும் விரலும் பாதிதான் சொல்லும்" என்றார் கடைசியில். "மிச்சத்தை நீங்கள்தான் சொல்லோணும். எப்பிடி இருக்கு, எங்க நோகுது எண்டு அப்பப்ப சொன்னால்தான் நான் மாத்திப் பாக்கலாம்."

நான் தலையை ஆட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன்.

இங்கே எங்கள் வளர்ப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அம்மா கொழுந்து எடுத்தவள். விடியலில் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடி நிற்பார்கள், கணக்கப்பிள்ளை வேலை பிரித்துக் கொடுப்பார். வேலை செய்த நாளுக்குப் பேர் போடுவார்கள். பேர் விழுந்தால்தான் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்குப் பேரே இல்லை, அடிக்கடி சொன்னால் சோம்பேறிப் பட்டமும் சேர்ந்துவரும். அதனால் பெரிய மனிதர்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்த நாளில், டிஸ்பென்சரி ஐயாவுக்கு முன்னால் நின்று, "இப்பப் பரவாயில்லைங்கய்யா" என்றாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். "ஏம்மா சொல்லல?" என்று நான் கேட்டேன். "மருந்து குடுத்த மனுசன்கிட்ட நல்லா ஆகலன்னா சொல்றது?" என்றாள்.

அது பொய் என்று அவள் நினைக்கவில்லை, நானும் நினைத்ததில்லை. அது மரியாதை. மருந்து கொடுத்தவருக்கு நாங்கள் திருப்பிக் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.

ஆக, கண்டியில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே புரியும். மரங்கொத்தி கொத்துகிற மாதிரி அந்தக் கருவி தட்டும். தட்டத் தட்ட இடது புருவம் இழுத்துக்கொள்ளும், பல் கிடுகிடுவென்று ஆடும், கண்ணுக்குப் பின்னால் ஊசி ஏறும். நேர்ஸ் குனிந்து, "நோகுதா?" என்று கேட்பார். "இல்லீங்க மிஸ்." வாரக் கடைசியில் டொக்டர் மனம் எப்படி இருக்கிறது என்று பத்துக்குப் புள்ளி கேட்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புள்ளி போட்ட நான் எனக்கு நானே போட்டுக்கொண்டேன். முதல் வாரம் நாலு, அடுத்தது ஐந்து, பிறகு ஆறு. ஒரேயடியாகக் கூட்டினால் நம்பமாட்டார் என்று ஒரு நிதானம் வேறு. உள்ளுக்குள் ஒரு புள்ளிகூடத் தேறவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மலர்வதைப் பார்க்கும்போது எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னால், "அப்ப நாளைக்கு வர வேண்டாம்" என்று என் பேரை வெட்டிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. இதுதான் எனக்குக் கடைசி வழி. இதற்குப் பிறகு வேறு ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சுகமாகி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே சுகமாகாமல் இருப்பதைப் போல ஒரு களைப்பு உலகத்தில் வேறு இல்லை. வீட்டிலும் நடிக்க வேண்டியிருந்தது. கணவரோ நான் ஒரு தோசை கூடுதலாகத் தின்றால் போதும், அதை ஸ்டோர் வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லிவிடுவார். "டீச்சருக்கு முக்கால்வாசி சரியாயிருச்சு" என்று பீலியடியில் புதுச் செய்தி ஓடியது. எனக்கு நேர்வதையெல்லாம் எனக்கு முன்னால் அந்தப் பீலி தெரிந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துத் திருவிழா வந்தது. நான் சுகமானால் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக அவர் நேர்ந்திருந்தார், எனக்குத் தெரியாமல். கையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் சொன்னார்.

"அதுக்குள்ள என்னங்க அவசரம்?" என்றேன்.

"ஆறு புள்ளி வந்துருச்சுல்ல. சாமிய ரொம்பக் காக்க வைக்கக்கூடாது புள்ள."

கருவாட்டுச் சம்பல் இல்லாமல் சோறு இறங்காத மனிதர் அவர். விரதமிருந்தார். இராவேலை, பஸ், கண்டி, திரும்ப பஸ், இதற்கு நடுவே விரதமும். கன்னம் ஒட்டிப்போயிற்று.

திருவிழா அன்று மழை பிசுபிசுத்தது. தப்பு அடித்துக்கொண்டு ஊர்வலம் மேட்டு லயத்திலிருந்து இறங்கி வந்தது. மஞ்சள் வேட்டியில், வேப்பிலைக்கு மேலே எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வந்தார். சேற்றில் கால் வழுக்கியது, சட்டி ஆடவில்லை. எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். பக்கத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "குடுத்து வச்சவ டீச்சர் நீங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பொருட்டு நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் என் முன்னால் நிற்கிறார், நான் அவருடைய வேட்டியில் சேறு பட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, சிரித்தேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த வியாதியில் எத்தனையோ வருடங்களில் நான் உணர்ந்த ஒரே உருப்படியான உணர்ச்சி அந்தப் பயம்தான். இப்படியே பத்துப் புள்ளி வரை போய், எல்லாரும் தேங்காய் உடைத்து முடித்து, கடைசியில் நான் மட்டும் இந்த வாசலில் இப்படியே நிற்பேன் என்று தெளிவாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை நாற்காலியில் உட்காருமுன் டொக்டரிடம் சொன்னேன். கணவரும் பக்கத்தில் நின்றார். வெளியே போகச் சொல்லவில்லை, இரண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"டொக்டர், நான் சொன்ன புள்ளி எல்லாம் சும்மா. எனக்கு ஒண்ணும் சுகமில்ல. வந்த அன்னைக்கு எப்படியோ அப்படியேதான் இருக்கேன். புருவத்துக்கு மேல வலி உயிர் போகுது. என் பேர வெட்டிறாதீங்க."

டொக்டர் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். "பேர் வெட்டிறது எண்டால் என்ன?" என்று கேட்டார். அழுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் பாடம் எடுத்தேன். பெரட்டு, பேர், அரைப்பேர், டிஸ்பென்சரிப் படிக்கட்டில் அம்மா, எல்லாம்.

"சுகம் வராட்டிலும் உங்கட பேர் இங்க இருக்கும்" என்றார் டொக்டர். "ஆனால் நான் இவ்வளவு நாளும் நல்லா வேலை செய்யுது எண்டு நினைச்சு ஒண்டையும் மாத்தேல்ல. அடுத்த கிழமை நிப்பாட்டுவம் எண்டும் யோசிச்சனான்." புள்ளி எழுதியிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, "இனிப் பத்துக்குப் புள்ளி வேண்டாம். உங்கட கணக்கிலயே சொல்லுங்கோ. இண்டைக்குப் பேர் எப்பிடி?"

"பேர் இல்ல" என்றேன். சொன்ன மாத்திரத்தில் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. சுகம் இல்லை, வெறும் மூச்சு.

அன்றைக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கட்டைவிரலைத் துள்ள வைத்துப் பலத்தை அளந்தார். படத்தைப் பார்த்து இடத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினார். புருவத்து வலிக்காகக் கருவியை வேறு கோணத்தில் திருப்பிப் பிடித்து, "இப்ப? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் விடவில்லை. "வலிக்குது. இன்னும் வலிக்குது. இப்ப கொஞ்சம் கம்மி." ஒரு வாழ்நாள் பாக்கி இருந்தது போல வலியைச் சொன்னேன். இந்த மாற்றமும் சரிவராமல் போகலாம், வந்தாலும் உடனே வராது என்று டொக்டர் எதையும் மூடி மறைக்காமல் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கணவர் தூங்கவில்லை. நாவலப்பிட்டி தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"கோவமா?"

"இல்ல புள்ள."

"நேர்த்திக்கடன் வீணாப் போச்சேன்னு..."

"அதெல்லாம் வீணாப் போகாது. முன்கூட்டியே தூக்கியாச்சு, அவ்வளவுதான். இனி சாமி பாத்துக்கட்டும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "எனக்குத் தெரியும். வாசல்ல நீ சிரிச்சப்பவே தெரியும். அதுக்கு முன்னாடியும் தெரியும். கேட்டா நெசத்தச் சொல்லிருவியோன்னுதான் நான் கேக்கல."

அவரையும் அதே பெரட்டில்தான் வளர்த்திருக்கிறார்கள். எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வர வேண்டும் என்று மட்டும் ஆசையாக இருந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் மெதுவாகப் போயின. டொக்டர் வாசலில் கண்டதும், "டீச்சர், பேர்?" என்பார். "இல்ல டொக்டர்." நேர்ஸும் பழகிக்கொண்டார். சிங்களப் பெண் அவர், "அத பேர் நெத்த?" என்று இரண்டு பாஷையையும் கலந்து விசாரிப்பார். இன்றைக்கும் பேர் இல்லையா என்று கேட்கிறாராம். ஒரு முறை வலது பக்கமும் சேர்த்துத் தட்டிப் பார்த்தார்கள். தலையிடித்தது, சொன்னேன், குறைத்தார்கள். பேர் இல்லை, பேர் இல்லை என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாலும் முன்னைப் போல அந்தக் களைப்பு இல்லை. நடிக்கிற வேலையாவது மிச்சம். லயத்திலும் கேட்டவர்களிடம், "இன்னும் சரியாகலக்கா" என்று சொல்லப் பழகினேன். முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு ஒருத்தி பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு, தனக்கும் ராவில் தூக்கம் இல்லாமல் மாசக்கணக்காக ஆகிறது என்று மெல்லச் சொன்னாள்.

ஒரு நாள் திரும்பி வரும்போது கினிகத்தேனையில் பஸ் நின்றது. கணவர் இறங்கிப்போய் எனக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வாய் குடித்தேன். கழுவின தண்ணி. தேயிலைக்குள் பிறந்து தேயிலைக்குள் வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு தேத்தண்ணியா என்று சுள்ளென்று கோபம் வந்தது. கோபம் வந்தது என்பதையே நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் செய்தி உடனே ஸ்டோருக்குப் போய்விடும்.

பஸ் புறப்பட்டு மலையேறியது. வளைவுக்கு வளைவு குலுக்கல். அவர் வழக்கம்போல என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, லேசான குறட்டையோடு, எண்ணெய்த் தலையை என் கழுத்தில் இடித்துக்கொண்டு. மழைக்கு ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. கொஞ்ச தூரம் பொறுத்தேன். பிறகு முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

"தள்ளி ஒக்காருங்க. தோளு வலிக்குது."

அவர் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் என்னைப் பார்த்தார்.

"என்னது?"

"தோளு வலிக்குதுங்கிறேன். இம்புட்டுக் கனமா இருக்கு உங்க தலை, எத்தன நாளைக்குத்தான் நான் சொமக்கிறது?"

"வலிக்குதா?" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்ட விதத்தை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. "நெசமாவா?"

"பின்ன, பொய்யா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, வட்டவளை வரைக்கும் அப்படியே வந்தார். திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். தூங்கவே இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது, அவர் அழுதுவிடுவாரோ என்று கவலையாகவும் இருந்தது. இத்தனையும் ஒரே நேரத்தில் வந்தால் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டொக்டர் வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன்.

"அரைப்பேர் போடுங்க டொக்டர்."

அவர் கையிலிருந்த தொப்பியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உண்மையாவோ? என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "எங்க வீட்டுக்காரர் தலை ரொம்பக் கனம்."